ஓதம் ஏறும் குடா

கிப்ராவியின் படகிலிருந்து இரண்டு பேர்தான் இறங்கினார்கள்.

மொர்டியா படகுத்துறையின் மேல் படியில் உட்கார்ந்து, நல்ல தண்ணீரில் அலசிய லைஃப் ஜாக்கெட்டுகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஷுக்ரி படியேறி வந்தான். வெயிலில் சிவந்த முகம், நடந்து களைத்தவனின் நிம்மதி. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி வர்தா, செருப்பைக் கையில் பிடித்தபடி. மூன்றாவது ஆள் படகுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பார் என்று மொர்டியா நினைத்தாள். ஆனால் கிப்ராவி எஞ்சினைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கயிற்றைக் கட்டத் தொடங்கியிருந்தான். படகில் வேறு யாரும் இல்லை.

“பாக்சிக் எங்க, அந்தப் பெரியவர்?” என்று கேட்டாள்.

வர்தா சிரித்தாள். “அதை நாங்கதான் உங்ககிட்ட கேக்கணும். இந்நேரம் ரெண்டு காப்பி குடிச்சு, சீனி சரியில்லன்னு கடைக்காரரோட சண்டையும் போட்டு முடிச்சிருப்பாருன்னு பேசிட்டே வந்தோம்.”

மொர்டியா எழுந்து நின்றாள். மடியிலிருந்த ஜாக்கெட் நழுவி ஆற்றில் விழுந்தது. யாரும் அதை எடுக்கக் குனியவில்லை. ஆறு அதைக் கடல் பக்கம் கொண்டுபோகவில்லை. உள்பக்கமாக, கிராமத்து வீடுகளை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.

வர்தாவின் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கியிருந்தது, அதற்கு யாரும் தகவல் சொல்லாததுபோல.

காலையில் அவர்கள் மூவரையும் ஏற்றிச் சென்றவள் மொர்டியாதான். கடலுக்கு அந்தப் பக்கம், தீபகற்பத்தில், கெடாவிலிருந்து வந்த குடும்பம். கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆன தம்பதி. கூடவே மனைவியின் அப்பா பாக் ரெஜப். பேருந்து டெப்போவில் ஆட்களை அதட்டியே ஓய்வு பெற்ற மனிதர். சரவாக்கின் கூச்சிங் நகரில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். அந்த இரண்டு நாளில் எந்தெந்தக் கடை லக்சா நூடுல்ஸில் எது குறைந்தது, ஆற்றங்கரை விடுதியில் ஷுக்ரி எடுத்த அறையின் ஜன்னல் எந்தச் சுவரைப் பார்த்திருந்தது என்பதையெல்லாம் பாக் ரெஜப் படகு போகும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். மருமகன் அதற்கெல்லாம் தலையாட்டிச் சிரித்தான். பல் வலிக்காரன் சிரிக்கிற சிரிப்பு.

கடலோர வனத்தில் கிழவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தொங்குகிற பெரிய மூக்கோடு அலையாத்தி இலை தின்ன வரும் குரங்குகள். அவற்றை ஊர்க்காரர்கள் டச்சுக்காரக் குரங்கு என்பார்கள்.

“வெள்ளக்காரன் மூக்கைப் பாத்து பேரு வெச்சிட்டீங்க,” என்று அவர் மொர்டியாவிடம் சொன்னார். “என் மாப்பிள்ளை முன்னாடியே இங்க வந்திருந்தா வேற பேரு வெச்சிருப்பீங்க.”

அவருக்கு முட்டி வலி. காட்டுப் பாதையில் மகளோடும் மருமகனோடும் ஏறி நடக்க முடியாது. குரங்குகள் அதிகம் இறங்குவது லுமுட் குடாவில் என்று கேள்விப்பட்டதும், தன்னை அங்கேயே இறக்கிவிடச் சொன்னார். மொர்டியா தயங்கினாள். லுமுட் குடா தண்ணீர் வற்றியிருக்கும்போது மட்டும் இருக்கும் இடம். மூன்று பக்கமும் செங்குத்தான மணற்பாறை. மேலே போக முன்பு மரப்படிகள் இருந்தன. போன மழைக்காலத்தில் சரிந்து போயின. கடல் வழியாக வந்தால் கடல் வழியாகத்தான் போக வேண்டும். மாலைப் படகு வரும் வரை பயமில்லை என்று எண்ணி அவரை அங்கே இறக்கினாள். அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. திரும்பிப் பார்த்துக் கைகூட அசைக்கவில்லை.

பிறகு தம்பதியை வனக் காவலர் குடியிருப்பு இருக்கும் பெரிய கடற்கரையில் விட்டாள். மாலை முறை அவளுடையதல்ல. ஊரில் அக்கா மகளுக்கு நிக்காஹ், சமையலுக்குப் போக வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் இப்போது துறைக்கு வந்திருந்தாள். திரும்பும் முறை கிப்ராவிக்கு. எங்கே நிறுத்தி யாரை ஏற்ற வேண்டும் என்பதைப் பயணிகள்தான் படகோட்டியிடம் சொல்வார்கள், அதுதான் இங்கே வழக்கம். அதனால் படகைத் தள்ளி எஞ்சினை முடுக்கிவிட்டு, அலையில் நின்றிருந்த ஷுக்ரியிடம் கிழவரைப் பிறகு கூட்டிக்கொள்வது பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “கெலாக் கித்தாக் அம்பிக் ஞா.” ஷுக்ரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சரியாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

இப்போது அதே ஷுக்ரி படகுத்துறையில் நின்று, கிழவருடைய கைப்பேசிக்கு முயன்றுகொண்டிருந்தான். அந்தப் பாறைகளுக்குப் பின்னால் யாருடைய கைப்பேசிக்கும் சிக்னல் கிடைக்காது என்று கிப்ராவி சொன்னான். சொல்லிவிட்டு, இவர்கள் தன்னிடம் குடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். அதை யாரும் மறுக்கவில்லை.

மொர்டியா ஏற்கெனவே தன் படகில் இறங்கிவிட்டாள். அவள் எஞ்சின்தான் பெரியது. வனக் காவலர்களின் படகு பழுதுபார்க்க நகரத்துக்குப் போயிருந்தது. காவலர்களுக்குத் தகவல் சொல்லி, வேறு ஏதாவது படகு கிடைத்தால் அனுப்பும்படி கிப்ராவியிடம் சொன்னாள். ஷுக்ரி படகில் குதித்தான். வர்தாவைக் கரையிலேயே இருக்கச் சொன்னான். அவள் அவனைத் தாண்டி வந்து நடுப்பலகையில் உட்கார்ந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.

ஆற்று முகத்தில் மணல் திட்டு இருந்தது. தண்ணீர் ஏறினாலும் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். கரையோரம் வாய் பிளந்த முதலையின் படம் போட்ட பலகை நின்றது. வர்தா காலையில் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டவள். இப்போது அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூரத்துச் சந்துபோங் மலை பாதிக்கு மேல் காணவில்லை. மேகம் கறுத்து, கடலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“ஏன் காக், நீங்க போகல?” என்று ஷுக்ரி அக்கா முறை வைத்துக் கேட்டான். குற்றம் சாட்டும் குரல் இல்லை; உண்மையிலேயே புரியாதவனின் குரல். “நாம கூட்டிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? படகுக்காரங்க நீங்களே பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“நான் அப்படிச் சொல்லல. நீங்க கூட்டிக்கணும்னு சொன்னேன்.”

“‘கித்தா’ன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்.”

மொர்டியாவின் கை எஞ்சின் பிடியில் அப்படியே நின்றது. “கித்தாக்,” என்றாள் மெதுவாக. மறுபடியும் சொன்னாள், கடைசி எழுத்தைத் தொண்டைக்குள் நிறுத்தி. “கித்தாக். இங்க அதுக்கு நீங்கன்னு அர்த்தம்.”

தீபகற்பத்தில் ‘கித்தா’ என்றால் நாம். சரவாக்கில் ‘கித்தாக்’ என்றால் நீங்கள். தொண்டை ஒருமுறை மூடித் திறக்கிற அளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம். எஞ்சின் ஓடும்போது அது யாருக்குக் கேட்கும்? தீபகற்பத்துப் பேச்சைப் பள்ளிக்கூடத்திலும் தொலைக்காட்சியிலும் கேட்டு வளர்ந்தவள் மொர்டியா. அவர்கள் பேசுவது அவளுக்கு ஓர் எழுத்து விடாமல் புரியும். அதனாலேயே, தான் பேசுவது அவர்களுக்கு வேறாகப் புரியலாம் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

 அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டு, பிறகு நின்றது. படகு திட்டைத் தாண்டிவிட்டது. அவள் எஞ்சினை முழுக்க முடுக்கினாள். படகின் முகப்பு தூக்கிக்கொண்டது.

“ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம்ல,” என்று வர்தா கணவனிடம் சொன்னாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் சொல்ல வேண்டியிருந்ததால் அது கத்தலாக வந்தது. “நாள் முழுக்க அவரு இல்லாம எவ்வளவு நிம்மதியா இருந்தேன்னு அருவி பக்கத்துல நின்னு சொன்னே இல்ல. அந்த நிம்மதியில கேக்க மறந்துட்டே.”

“ஆமா சொன்னேன்,” என்றான் ஷுக்ரி. “நீயும் சிரிச்சே.”

வர்தா அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. ஈரக் காற்று எதிரே அடித்தது. மொர்டியா தண்ணீரின் நிறத்தையும் பாறைகளின் கால்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். வற்றும்போது சிப்பிகள் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் மூழ்கியிருந்தது. பௌர்ணமி கழிந்த மறுநாள். இன்றைய ஏற்றம் மாதத்திலேயே பெரியது. காலையில் அவர் உட்கார்ந்திருந்த மணலை அவள் மனதுக்குள் அளந்து பார்த்தாள். அங்கே இப்போது படகே மிதக்கும்.

கடலுக்குள் நீண்டிருந்த மூக்குப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் குடா தெரிந்தது. குடா என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மணல் இல்லை. பாறைச் சுவரின் அடியில் நேராகக் கடல் மோதிக்கொண்டிருந்தது. நுரையில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் புரண்டது. வர்தா எழுந்து நின்றாள். அருகே போனபோது அது வெறும் ஜாக்கெட். அதன் பட்டைகள் அவிழ்ந்து கிடந்தன. ஷுக்ரி அதை எட்டி எடுத்தான். எடுத்ததை யாரிடமும் காட்டாமல் காலடியில் வைத்தான்.

வர்தா அப்பாவைக் கூப்பிட்டாள். அலை அடித்து விலகும் இடைவெளியில் மறுபடியும் கூப்பிட்டாள். பாறை அவள் குரலையே திருப்பித் தந்தது.

மொர்டியா படகை அலைக்குக் குறுக்காக விடாமல் பிடித்துக்கொண்டு சுவரை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தாள். மேலே, சுவரின் விளிம்பில் தொங்கிய மரங்களில் குரங்குகள் இருந்தன. பெரிய ஆண் ஒன்று, சில பெண்கள். படகு இவ்வளவு அருகில் வந்தால் வழக்கமாக அவை கிளைகள் முறிய ஓடிவிடும். ஓடவில்லை. எல்லாமே கீழே, சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே மணற்பாறை தேன்கூடுபோல் அரித்துக் குழிகுழியாக இருந்தது. அதில் ஒரு குழி கொஞ்சம் பெரியது. அதற்குள் பாறையின் நிறத்திலேயே ஒரு சட்டை. பாக் ரெஜப் சுவரைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் முழங்கை வரை குழிகளுக்குள் விட்டு நின்றிருந்தார். அலை வரும்போது இடுப்பு வரை மறைந்தார். விலகும்போது கால்கள் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது.

“அபா,” என்றாள் வர்தா. இந்த முறை கூப்பிடவில்லை, சும்மா சொன்னாள்.

படகு சுவரை நெருங்க முடியாது. அடியில் சரிந்து விழுந்த பாறைகள் கிடந்தன. அலை ஒருமுறை தூக்கிப் போட்டால் பலகை பிளந்துவிடும். மொர்டியா வெளியே தள்ளி நங்கூரத்தைப் போட்டாள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, படகின் பின்புறத்தைச் சுவர் பக்கமாக இறக்க வேண்டும். எஞ்சினை விட்டு அவளால் நகர முடியாது. ஆகவே ஒருவர் நங்கூரக் கயிற்றை விட வேண்டும், ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். வர்தாவின் மணிக்கட்டைப் பிடித்து நங்கூரக் கயிற்றில் வைத்தாள். இன்னொரு கயிற்றின் முனையை ஷுக்ரியின் நெஞ்சில் வைத்து அழுத்தி, கிழவரைச் சுட்டிக் காட்டினாள்.

ஷுக்ரிக்கு விடுதி நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கத் தெரியும். அதை அவன் காலையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.  கயிற்றை, அவன் போட்டிருந்த ஜாக்கெட்டுக்கு மேல், மார்பைச் சுற்றி மொர்டியாவே கட்டினாள். கிழவருக்காக இன்னொரு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தாள். அவன் படகின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, அப்படியே சரிந்தான்.

முதல் அலையே கையிலிருந்த ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது அலை அவனைச் சுவரில் கொண்டுபோய் அடித்தது. மொர்டியா கயிறு இறுகாமல் விட்டுக்கொடுத்தாள். அவன் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் இன்னும் அருகில் தெரிந்தது. பாறைக் குழி ஒன்றில் விரல்களைக் கோத்துக்கொண்டு அவன் மேலே ஏறினான். கிழவரின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றான்.

அவர்கள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஷுக்ரி அவர் காதருகில் வாயை வைத்து ஏதோ சொன்னான். கிழவர் கண்ணைத் திறக்காமலேயே தலையை ஆட்டினார். அவன் மறுபடியும் சொன்னான். மறுபடியும் தலையாட்டல். அவன் அவருடைய ஒரு கையைக் குழியிலிருந்து வெளியே எடுக்கப் பார்த்தான். அவர் தோளால் அவனை இடித்தார். ஒரு அலை இருவரையும் மார்பு வரை மூடியது.

“என்ன பண்றாரு?” வர்தாவின் உள்ளங்கையில் கயிறு வழுக்கிக்கொண்டிருந்தது. “ஏன் வரமாட்டேங்கறாரு?”

பிடித்ததை விடச் சொல்கிறான் ஷுக்ரி, அதுதான் காரணம் என்று மொர்டியாவுக்குத் தெரிந்தது. எவ்வளவோ நேரமாக அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்தப் பிடி ஒன்றுதான். மழை முதல் துளிகளைப் பெரிதாகப் போட்டது.

திடீரென்று அவள் கையிலிருந்த கயிறு தளர்ந்தது. ஷுக்ரி முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தான். அவள் ஏதோ கத்தினாள். அவன் திரும்பவில்லை. அவிழ்த்த கயிற்றைக் கிழவரின் அக்குளுக்கடியில் விட்டுச் சுற்றினான். பிறகு ஒற்றைக் கையால் தன் ஜாக்கெட்டையும் கழற்றி, அலைகளுக்கு நடுவே அதை அவருக்கு மாட்டினான். ஒவ்வொரு பட்டையாக, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்வதுபோல. கடைசிப் பட்டையை மாட்டியதும் அவர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். அவனிடம் இப்போது எதுவும் இல்லை. ஒரு ஈரச் சட்டை, பாறைக் குழியில் நான்கு விரல்கள்.

கிழவர் கைகளை வெளியே எடுத்தார்.

மொர்டியா இழுத்தாள். எஞ்சினை முழங்காலால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். அவர் ஒரு பொதியைப்போல் வந்தார், தண்ணீரை விழுங்கிக்கொண்டும் துப்பிக்கொண்டும். விளிம்பைத் தாண்டி அவரை உள்ளே உருட்டியபோது முழங்கைகள் இரண்டிலும் தோல் இல்லை. வர்தா நங்கூரக் கயிற்றை விடவில்லை. அப்பாவைத் தொடக் கை நீட்டவில்லை. உதட்டைக் கடித்தபடி, அழுதபடி, கயிற்றைப் பிடித்திருந்தாள். அவள் விட்டிருந்தால் நால்வருமே பாறையில் அடிபட்டிருப்பார்கள்.

மொர்டியா கிழவர்மேல் இருந்த கயிற்றை அவிழ்த்து, காலடியில் கிடந்த பட்டை அவிழ்ந்த ஜாக்கெட்டில் கட்டிச் சுவரை நோக்கி வீசினாள். காற்று அதை ஓரமாகக் கொண்டுபோனது. இழுத்து, மறுபடியும் வீசினாள். அது ஷுக்ரியின் காலருகே விழுந்தது. அவன் குனிந்தான். அடுத்த அலை வந்தது. அலை போனபோது குழியில் யாரும் இல்லை.

வர்தா கணவனின் பெயரைச் சொன்னாள்.

கயிறு மொர்டியாவின் கையில் ஒருமுறை துடித்தது. மீன் கடித்துப் பார்ப்பதுபோல ஒரு சின்ன இழுப்பு. அது அலையா, ஆளா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. இழுக்கத் தொடங்கினாள். கனமாக இருந்தது. அவள் கைக்கு முன்னால் இன்னொரு ஜோடிக் கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன. பாக் ரெஜப் படகின் அடியில் மண்டியிட்டு, தோலுரிந்த முழங்கைகளிலிருந்து ரத்தம் ஒழுக, பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கயிறு அவர் ரத்தத்தில் நிறம் மாறி வந்தது. அதன் முனையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, அதைக் கட்டிக்கொண்ட இரண்டு கைகள் தெரிந்தன, பிறகு தலை.

அவனை ஏற்றியதும் மொர்டியா நங்கூரத்தை எடுக்கவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டுப் படகை வெளிக் கடலுக்குத் திருப்பினாள்.

மூக்குப் பாறைக்கு அப்பால் வந்த பிறகுதான் மழை முழுதாகப் பிடித்தது. ஷுக்ரி குப்புறப் படுத்து வாந்தி எடுத்தான். கடல் தண்ணீர்தான் வந்தது. வர்தா அவன் முதுகில் ஒரு கையும் அப்பாவின் முழங்காலில் ஒரு கையுமாக, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு சிவந்திருந்தது.

 ஆற்று முகத்தின் விளக்கு மங்கலாகத் தெரிந்தபோது கிழவர் நிமிர்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“யாரு வந்திருக்கணும்?” என்று கேட்டார். “என்னைக் கூட்டிட்டுப் போக?”

வர்தா ஷுக்ரியைப் பார்த்தாள். ஷுக்ரி மொர்டியாவைப் பார்த்தான். மொர்டியா எஞ்சினைக் குறைத்தாள். அந்த ஒரு சொல்லை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்து, “நான் சொன்னது...” என்று ஆரம்பித்தாள்.

பாக் ரெஜப் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இப்ப வேணாம். சொன்னீங்கன்னா யாரையாவது திட்டணும். பல்லு கெடந்து அடிச்சுக்குது, சரியாத் திட்ட வராது.” கொஞ்சம் பொறுத்து மருமகன் பக்கம் தலையைச் சாய்த்தார். “அங்க என் காதுல என்னமோ சொன்னானே, அதுவே எனக்குச் சரியா கேக்கல. என்னடா சொன்னே?”

“கேக்கலையா?” என்றான் ஷுக்ரி. குரல் கரகரத்தது.

“அலை.”

“அப்புறம் ஏன் அபா கையை எடுத்தீங்க?”

 மழை அவர் முகத்தில் நேராக அடித்தது, அவர் துடைக்கவில்லை. ஒரு கை பலகையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஷுக்ரியின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

படகுத்துறையில் கிப்ராவியும் இன்னும் சிலரும் விளக்குகளோடு நின்றிருந்தார்கள். மொர்டியா கயிற்றை வீசினாள், யாரோ பிடித்துக் கட்டினார்கள். முதலில் பெரியவரைத் தூக்கலாம் என்று இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவர் விரல்கள் மருமகனின் காலரிலேயே விறைத்துப்போயிருந்தன. எவ்வளவு பதமாகப் பிரித்துப் பார்த்தும் அந்தப் பிடி திறக்கவில்லை. கடைசியில் மாமனாரையும் மருமகனையும் ஒன்றாகவே படியேற்ற வேண்டியிருந்தது.